அடிக்கடி கிருமிநாசினி படும் இருக்கைக்கு எந்த ரெக்சின்? – அனுபவப் பகிர்வு

இயன்முறை சிகிச்சையாளர்:

என்னுடைய சிகிச்சை நிலையத்தில் மூன்று கட்டில்கள் இருக்கின்றன. ஒருவர் எழுந்து அடுத்தவர் படுப்பதற்குள் துடைத்தாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு கட்டிலையும் நாளொன்றுக்கு 12 முறையாவது கிருமிநாசினியால் துடைக்கிறோம். பழைய உறைகளை மாற்றியபோது, "1,00,000 இரட்டைத் தேய்ப்பு தாங்கும்" என்று மாதிரி அட்டையில் அச்சிட்டிருந்ததை நம்பி, தடித்த வினைல் ரெக்சினாகத் தேர்ந்தெடுத்தேன். 14 மாதங்களுக்குள் தலைப்பக்கம் விறைத்து, விரலால் அழுத்தினால் நுண்ணிய கோடுகளாக வெடிக்கத் தொடங்கியது. ஆனால் முழங்காலும் குதிகாலும் இடைவிடாமல் உரசும் கீழ்ப்பகுதி புதிது போலவே இருந்தது. உரசல் மிகுந்த இடம் பிழைத்து, உரசல் குறைந்த இடம் ஏன் கெட்டது என்ற கேள்வியே என்னை இந்தப் பொருளைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

அட்டையில் இருக்கும் அந்த எண், வைசன்பீக் என்னும் சோதனையில் கிடைப்பது. இழுத்துக் கட்டிய ரெக்சின் மீது முரட்டுப் பருத்தித் துணியோ கம்பி வலையோ முன்னும் பின்னுமாகத் தேய்க்கப்படும். ஒரு முறை போய்த் திரும்பினால் அது ஓர் இரட்டைத் தேய்ப்பு. அந்தச் சோதனையில் ஒரு துளி கிருமிநாசினிகூடப் படுவதில்லை. மேலும், 1,00,000-ஐத் தாண்டிய எண்கள் கூடுதல் ஆயுளுக்கு உறுதி ஆகா என்று ஏ.சி.டி. என்னும் துணித்துறைச் சங்கமே சொல்கிறது. நான் பார்த்திருக்க வேண்டியது வேறு.

தண்ணீர் போகும் வெள்ளைக் குழாயும் இந்த வினைலும் அடிப்படையில் ஒரே பி.வி.சி.தான். அதை வளையும்படி ஆக்குவது அதனுள் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர் என்னும் நெகிழ்வூட்டி. வியர்வையும் தலை எண்ணெயும் மேற்பரப்பில் ஊறும்போதும், அதன் மேல் மீண்டும் மீண்டும் ஸ்பிரிட் படும்போதும், அந்த நெகிழ்வூட்டி சிறிது சிறிதாக வெளியேறிவிடுகிறது. எஞ்சி நிற்பது பழைய விறைத்த பி.வி.சி. இதைத் தடுக்கும் காவல் மேற்பூச்சு ஒன்றுதான். பெரும்பாலும் பாலியூரித்தேனால் ஆன அந்த மெல்லிய படலம் எந்த வேதிப்பொருளைத் தாங்கும் என்பதைத்தான் வாங்கும்போது கேட்க வேண்டும். நான் தடிமனைத்தான் கேட்டேன்.

இருக்கை தைப்பவர்:

மேலே எழுதியவர் சொன்னது சரியே. நான் கிழித்துப் போடும் பழைய உறைகளில் பாதிக்கு மேல் தேய்ந்து வருபவை அல்ல, விறைத்தோ உரிந்தோ வருபவை. விறைத்து வெடிப்பது வினைல். பாம்புச் சட்டை போல ஏடு ஏடாக உரிவது பி.யூ. தோல், அதாவது பாலியூரித்தேன் பூசிய செயற்கைத் தோல். பி.யூ. தோல் உரியக் காரணம் ஈரப்பதத்தால் அதன் மூலக்கூறுகள் அறுபடுவது. பாலியெஸ்டர் வகைப் பி.யூ. விரைவில் அறுபடும், பாலிகார்பனேட் வகை நெடுநாள் நிற்கும். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பதால், வகை எது என்று கேட்காமல் பி.யூ. வாங்கித் தர வேண்டாம் என்று என்னிடம் வரும் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

ஆனால் ரெக்சினைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தையலை மறந்துவிடக் கூடாது. ஒரு சிகிச்சையகத்தின் நாற்காலியைப் பிரித்தபோது, மேல் உறையில் ஒரு கீறலும் இல்லை. உள்ளே ஃபோம் கறுத்து, நாற்றம் தாங்க முடியவில்லை. இருக்கையின் நடுவே அழகுக்காகப் போட்டிருந்த இரண்டு வரித் தையலின் ஊசித்துளைகள் வழியாக, நாள்தோறும் தெளித்த திரவம் முழுவதும் உள்ளே இறங்கியிருந்தது. அன்று முதல் திரவம் தேங்கும் மேற்பரப்பில் நான் தையல் போடுவதில்லை. மூட்டுகளை எல்லாம் பக்கவாட்டுக்கு இறக்கிவிடுகிறேன். தையலை நெருக்கிப் போட்டால் உறுதி என்று எண்ணுவோர் உண்டு. துணிக்கு அது பொருந்தலாம். வினைலில் நெருங்கிய துளைகள் அஞ்சல் தலையின் ஓரம் போல வரிசையாகக் கிழிய வழி செய்யும். இன்னொன்று: மேற்புறத்தை முழுவதும் அடைத்துவிட்டால், உட்காரும்போது உள்ளிருக்கும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் மூட்டுகள் பிதுங்கும். அடிப்பலகையில் காற்றுத் துளை விட வேண்டும்.

பல் மருத்துவர்:

எங்கள் தொல்லை ஸ்பிரிட் அல்ல, பிளீச். 5 சதவீதக் கரைசலை ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து 0.5 சதவீதமாக்கிப் பயன்படுத்தினோம். கலவையில் தவறு இல்லை. துடைத்த பின் அப்படியே காய விட்டதுதான் தவறு. தண்ணீர் ஆவியாகும், குளோரினின் உப்பு மட்டும் படிந்து நிற்கும். அடுத்த முறை துடைக்கும்போது அந்த உப்பைச் சேர்த்தே தேய்க்கிறோம். ஓராண்டில் நீல நிற இருக்கை திட்டுத் திட்டாக வெளுத்தது. விற்றவரிடம் புகார் செய்தபோது, "பயன்படுத்திய பின் தண்ணீரால் துடைக்கவும்" என்று பராமரிப்புத் தாளில் இருந்த வரியைக் காட்டினார். அதைப் படிக்காமல் விட்டது நாங்கள்.

இப்போது இரண்டு இருக்கைகளுக்குச் சிலிக்கோன் பூசிய துணி போட்டிருக்கிறோம். அதில் வெளியேறுவதற்கு நெகிழ்வூட்டியே இல்லை. நீர்த்த பிளீச்சுக்கு அது அஞ்சுவதும் இல்லை. ஆனால் கூர்முனை பட்டால் கீறல் விழுகிறது, சாதாரணப் பசை அதில் ஒட்டுவதில்லை. நோயாளி அமரும் இடத்தில் கருவிகளை வைக்காத பழக்கம் உள்ளவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பேன்.

வீட்டில் தாயைப் பராமரிப்பவர்:

அம்மாவின் சக்கர நாற்காலி மெத்தையை நான் கிருமிநாசினித் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். ரெக்சின் கெடக் கூடாது என்ற கவலை. வீட்டுக்கு வந்த செவிலியர்தான், கிருமி சாக வேண்டுமானால் குப்பியில் குறித்த நேரம் வரை மேற்பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும் என்று விளக்கினார். நாங்கள் வாங்கியதில் 10 நிமிடம் என்று இருந்தது. அழுக்கை முதலில் சோப்பு நீரால் எடுத்துவிட்டு, பிறகு கிருமிநாசினியை அதன் நேரம் வரை விட்டு, கடைசியாகத் தண்ணீரால் துடைக்கிறேன். முன்பு கையில் ஒட்டிய பிசுபிசுப்பு, குவாட் எனப்படும் அம்மோனியச் சேர்ம வகைக் கிருமிநாசினி விட்டுச் சென்ற படிவு என்பது அப்போதுதான் புரிந்தது. தண்ணீரில் துடைக்கத் தொடங்கிய பின் அது வரவில்லை.

இயன்முறை சிகிச்சையாளர்:

அனைவருக்கும் நன்றி. இரண்டாம் முறை நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். ஐந்து வகை ரெக்சினில் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டுகள் வாங்கி, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினேன். என் நிலையத்தில் உண்மையில் பயன்படுத்தும் கிருமிநாசினியையே, அதன் முழு நேரமும் ஈரமாக வைத்து, ஒரு மாதம் நாள்தோறும் பலமுறை பூசினேன். ஒரு பாதியைத் தண்ணீரால் துடைத்தேன், மறுபாதியை அப்படியே காய விட்டேன். பிறகு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் வருகிறதா என்று பார்த்தேன், மடித்து நகத்தால் கீறினேன். இரண்டு வகைகளில் துடைக்காத பாதி மட்டும் விறைத்தது. ஒன்றில் இரு பாதிகளுமே பளபளப்பு இழந்தன. எஞ்சிய இரண்டையும் தயாரித்தவர்களிடம், இன்ன கிருமிநாசினி, இன்ன அடர்த்தி, நாளொன்றுக்கு இத்தனை முறை என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேட்டேன். "துடைத்துச் சுத்தம் செய்யலாம்" என்ற பொதுவான விடை ஒருவரிடமிருந்து வந்தது. மற்றவர் வேதிப்பொருள் வாரியாகப் பட்டியல் அனுப்பினார். இரண்டாமவரிடமே வாங்கினேன்.

தலைப்பக்கத்தை மட்டும் தனியாகக் கழற்றி மாட்டும் உறையாகத் தைக்கச் சொன்னேன். அதற்காக அதே சுருளிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன். வெடிப்பு விழுந்த பரப்பைக் கிருமிநாசினியால் முழுமையாகச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், முதல் கோடு தெரிந்த அன்றே அந்த உறையை மாற்றிவிடுவதாக இருக்கிறேன்.