நிமிர்த்தினால் காணாமல் போகும் பட்டியல்

கேள்வி:
அப்பாவுக்காக ஐபேடில் ஒரு தேவாரச் செயலி எழுதுகிறேன். ஆப்பிளின் திரை வடிவமைப்புக் கருவியான ஸ்விஃப்ட்யூஐயில், திரையை நெடுவரிசைகளாகப் பிரிக்கும் நேவிகேஷன் ஸ்பிளிட் வியூதான். இடப்பக்கம் தலங்களின் பட்டியல், வலப்பக்கம் பதிகம். கிடையாகப் பிடித்தால், தலத்தைத் தொட்ட பிறகும் பட்டியல் நகர மறுக்கிறது. அவருக்கு எழுத்து பெரிதாக வேண்டும், அடிகள் உடைந்துபோகின்றன. நிமிர்த்திப் பிடித்தாலோ பட்டியலே இல்லை. “ஊர்ப் பெயரெல்லாம் எங்கே போயின?” என்று தினமும் கேட்கிறார்.

மறுமொழி 1:
நிமிர்த்தினால் மறைவது பிழையன்று, இயல்பே அதுதான். எந்த நெடுவரிசை தெரிய வேண்டும் என்பதைச் சொல்லும் 'காலம் விசிபிலிட்டி'க்கு (column visibility) ஒரு ஸ்டேட் மாறியை (state variable) இணையுங்கள். செயலி திறக்கும்போது 'ஆல்' (எல்லாம் தெரியும்), தலம் தேர்வானதும் 'டீடெயில் ஒன்லி' (பதிகம் மட்டும்).

மறுமொழி 2:
ஸ்பிளிட் வியூவின் ஸ்டைலையும் 'பேலன்ஸ்டு' (இரண்டும் அருகருகே) ஆக்குங்கள். இல்லையேல் நிமிர்ந்த திரையில் பட்டியல் பதிகத்தின்மேல் ஏறி உட்காரும். பட்டியலைக் காட்டி மறைக்கும் பக்கப்பட்டிப் பொத்தானை நீக்கவும் ஐபேட்ஓஎஸ் 17 முதல் வழி உண்டு. பெரியவர் கையில் கொடுக்கும் செயலியில் மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள், ஐயா.

கேட்டவர்:
நன்றி, சரியாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் இன்னொரு செயலியைத் திறந்து திரை குறுகினால் அந்த ஸ்டேட் மாறி பேச்சே கேட்பதில்லை.

மறுமொழி 1:
கேட்காது. குறுகிய அகலத்தில் எல்லாம் ஒரே அடுக்காகச் சுருங்கிவிடும். அங்கே எது முன்னால் நிற்க வேண்டும் என்பதை 'பிரிஃபர்டு காம்பாக்ட் காலம்' (preferred compact column) சொல்லும். அதுவும் 17 முதல்தான்.