டீசல் டேங்கில் திரும்பத் திரும்பத் தண்ணீர்: வழியைக் கண்டுபிடித்த அனுபவங்கள்

பதிவு 1

காமன் ரெயில் (மிக உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும்) இன்ஜின் உள்ள பிக்கப். பத்து நாளுக்கு ஒருமுறை, டீசலில் தண்ணீர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரியும். தண்ணீர் பிரிந்து தங்கும் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 70, 80 மில்லி. மூன்று ஃபில்டர் மாற்றியாகிவிட்டது, டேங்கை இறக்கிக் கழுவியாகிவிட்டது, டீசல் போடும் இடத்தையும் மாற்றியாகிவிட்டது. கழுவிய பதினோராம் நாள் மறுபடி விளக்கு.

கோளாறு டேங்குக்குள் இல்லை. டீசல் மூடியைச் சுற்றி ஒரு குழிவு இருக்கும். அதில் விழும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் ஒரு துவாரமும், அங்கிருந்து கீழே இறங்கும் மெல்லிய ரப்பர் குழாயும் உண்டு. அந்தக் குழாய் சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது. டேங்கை இரண்டாம் முறை இறக்குவதற்கு முன், ஓடி வந்து சூடாக நின்ற வண்டியில் மூடியைத் திறக்காமல் குழிவில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் மட்டம் பாதியாக இறங்கிவிட்டது. வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மிச்சத்தை ஒற்றி எடுத்து, மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், கழுத்தின் உள்சுவரில் ஒரே கோடாக ஈரத்தடம். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே, மூடியின் ஓ-ரிங்கில் (ரப்பர் வளையத்தில்) மயிரிழை வெடிப்பு.

ஓ-ரிங் மாற்றி, குழாயைக் கம்பியாலும் காற்றாலும் சுத்தம் செய்த பிறகு கிண்ணத்தில் தண்ணீர் சேரவில்லை.

பதிவு 2

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ராத்திரி பாதி டேங்கோடு நிறுத்தினால் உள்சுவர் வியர்த்துத் தண்ணீர் இறங்கும். முழு டேங்கோடு நிறுத்திப் பழகினால் போதும். இரண்டு வண்டிகளில் அதோடு நின்றுவிட்டது.

பதிவு 3

வியர்வை என்ற விளக்கத்தை எல்லா வண்டிக்கும் ஒட்டுவதால்தான் உண்மையான வழி மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் அதில் சுமார் 17 கிராம்தான் தங்கும். மீதி 13 கிராம். 60 லிட்டர் டேங்க் பாதி காலி என்றால் உள்ளே இருக்கும் காற்று 30 லிட்டர். ஒரு ராத்திரிக்கு விழக்கூடிய தண்ணீர் அரை கிராம்கூடக் கிடையாது. பத்து ராத்திரியும் அப்படியே விழுந்தாலும் 4 மில்லி. முதல் பதிவில் வந்தது 80.

டீசலில் கரைந்து வரும் தண்ணீரையும் இதேபோல் எடை போடலாம். ஐரோப்பிய இஎன் 590 தரம் அனுமதிக்கும் உச்சம் கிலோவுக்கு 200 மில்லிகிராம். 60 லிட்டர் டீசல் சுமார் 50 கிலோ. அந்த உச்சத்திலேயே இருந்தாலும் மொத்தம் 10 மில்லிதான், அதுவும் எல்லாம் பிரிந்து விழாது.

மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் வண்டி, பெரிய சேமிப்புத் தொட்டி இவற்றில் வியர்வை சேர்ந்துகொண்டே போகும், அது நிஜம். தினமும் ஓடும் வண்டியில் 20, 30 மில்லிக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், தண்ணீர் தண்ணீராகவே உள்ளே போகிறது. முழு டேங்கோடு நிறுத்தியபோது அந்த இரண்டு வண்டிகளில் நின்றதற்கும் வேறு காரணம் இருக்கலாம். உள்ளே காற்று குறைவாக இருந்தால், ஆறும்போது சுருங்கி உறிஞ்சுவதும் குறையும். 60 லிட்டர் காற்று 40 டிகிரியிலிருந்து 25க்கு ஆறினால் ஏறக்குறைய 3 லிட்டர் சுருங்கும். அந்த 3 லிட்டரை ஏதோ ஒரு வழியாக இழுத்துத்தான் ஆக வேண்டும். அந்த வழியின் வாயில் தண்ணீர் நின்றால் முதலில் அதுதான் உள்ளே போகும். சூடாக வந்த வண்டியை உடனே பிரஷரில் கழுவினால் நடப்பதும் இதே.

பதிவு 4

டிப்பர் லாரி, இரும்பு டேங்க். அடியிலுள்ள ட்ரெய்ன் ப்ளக்கைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை விட்டாகிவிட்டது. ஆனாலும் வாராவாரம் ஃபில்டரில் தண்ணீர். எல்லோரும் மூடியைச் சந்தேகப்பட்டார்கள்.

வழியைக் காட்டியது அளவு எழுதி வைத்த துண்டுச் சீட்டு. முதல் வாரம் 150 மில்லி, அடுத்தது 100, பிறகு 60, 40. குறைந்துகொண்டே போனால் புதிதாக எதுவும் நுழையவில்லை, பழைய தண்ணீர் எங்கோ பதுங்கியிருக்கிறது என்று பொருள். ஒரே அளவில் வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒரு வாரம் ஒன்றுமில்லாமல் திடீரென்று 200 என்றால், அதற்கு முந்தைய மழை, வண்டி கழுவிய நாள், டீசல் போட்ட நாள் மூன்றையும் தேதியோடு ஒப்பிட வேண்டும்.

இந்த லாரியில் டீசல் மட்டத்தை அளக்கும் சென்டர் யூனிட்டைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, டேங்கை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புத் தகட்டின் அடிவெட்டு துருவும் மண்டியும் சேர்ந்து அடைத்திருந்தது. தகட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் ஆழத்துக்குக் காப்பி நிறத்தில் தண்ணீர். ட்ரெய்ன் ப்ளக் இந்தப் பக்கம். வண்டி ஏற்றத்தில் ஏறும்போது மட்டும் அது தகட்டைத் தாண்டி வழிந்து, உறிஞ்சு குழாய்க்கு வந்திருக்கிறது. டேங்க் கழுவியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், ஒவ்வோர் அறைக்குள்ளும் குழாய் விட்டு அடிமட்டத்திலிருந்து உறிஞ்சி எடுத்தார்களா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் டேங்கில் பம்பு உட்காரும் கிண்ணத்துக்கும் இதே கேள்வி.

பதிவு 5

தண்ணீர் விளக்கு எரிகிறது, ட்ரெய்ன் திருகைத் திறந்தால் ஒரு சொட்டும் வரவில்லை, அதனால் சென்சார் கெட்டது என்று முடிவு கட்டி சென்சார் மாற்றிய வண்டி. இரண்டே வாரத்தில் இன்ஜெக்டர் போனது.

சென்சாரில் குறை எதுவும் இல்லை. பல வண்டிகளில் ஃபில்டர் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது கீழே திறந்தாலும், மேலிருந்து காற்று போக வழியில்லாவிட்டால் உள்ளே இருப்பது தொங்கிக்கொண்டே நிற்கும். மேல் ஏர் திருகைத் தளர்த்திய நொடியில் அதே ஃபில்டரிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. டேங்குக்குள் மின்பம்பு உள்ள வண்டி என்றால் சாவியை ஆன் செய்தால் தள்ளிவிடும்.

வடித்த பிறகு பிளாஸ்டிக் திருகைக் கை இறுக்கத்தோடு விடுங்கள். ஸ்பேனர் போட்டால் விரிசல் விழும், பிறகு காற்று இழுக்கும், அதை மறுபடி தண்ணீர்க் கோளாறு என்று நினைத்துத் துரத்துவீர்கள். டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் ப்ரைமர் கல் மாதிரி இறுகும்வரை அடித்த பிறகே ஸ்டார்ட்.

ஸ்கேனரில் பி2269 என்ற கோளாறு எண் வந்தால் டீசலில் தண்ணீர் இருக்கிறது என்ற எச்சரிக்கை. பி2264 வந்தால் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு; கனெக்டரில் பச்சை பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாகம் மாற்றுவது நிறைய நடக்கிறது.

பதிவு 6

வடித்த தண்ணீரை யாரும் உற்றுப் பார்க்காமல் கொட்டிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஒரு வேனில் மூன்று மாதம் தேடிய விடை அந்தப் பாட்டிலிலேயே இருந்தது. அடியில் நின்றது கண்ணாடி போலத் தெளிவான திரவம். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் காயவிட்டதும் அடர்த்தியான வெள்ளை ஊசிப் படிகம். யூரியா. புகையைச் சுத்தப்படுத்தத் தனி டேங்கில் ஊற்றும் டெஃப் கரைசலில் யூரியா 32.5 சதவீதம், டீசலைவிடக் கனமானதால் அடியில் போய் உட்காரும். டீசல் ஊற்றிய புனலையே டெஃப்புக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். டெஃப் டீசல் டேங்கில் விழுந்தது தெரிந்தால் சாவியைக்கூட ஆன் செய்யக் கூடாது.

பார்க்கும் முறை: வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டேங்கின் அடியிலிருந்தும் ஃபில்டரிலிருந்தும் தனித்தனியாக 200 மில்லி, நிறமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் எடுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் கோடு பிரியும். சந்தேகம் இருந்தால் தண்ணீரில் கரையும் உணவு நிறம் ஒரு சொட்டு விடுங்கள். டீசலில் அது கலக்காமல் மணியாக இறங்கி, அடியில் தண்ணீர் இருந்தால் அதை மட்டும் நிறமாக்கும். தெளிவான தண்ணீர் என்றால் புதிதாக நுழைந்தது. துரு நிறம் என்றால் இரும்போடு நெடுநாள் கிடந்தது. பச்சை, சிவப்பு என்றால் கூலன்ட், அப்போது டீசலைக் கூலன்ட்டால் குளிர்விக்கும் அமைப்பு வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டின் மேல் கறுப்புப் பாசி போல வழவழப்பு இருந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது. தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில்தான் அது வாழும். முதலில் தண்ணீரையும் மண்டியையும் எடுத்துவிட்டு அப்புறம் கிருமிக்கொல்லி போடுங்கள். செத்த பாசி மொத்தமாகக் கிளம்பி வரும், அதனால் இரண்டு மூன்று ஃபில்டர் கைவசம் வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்தும் பால் கலந்த மாதிரி மங்கலாகவே நின்றால் தண்ணீர் நுண்துளியாகக் கலந்திருக்கிறது. பயோடீசல் கலப்பிலும், சோப்புத்தன்மை உள்ள சேர்ப்புப் பொருள் அதிகமானாலும் இப்படி ஆகும். அப்போது ஃபில்டரில் தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரால் பிரிக்க முடியாது, கிண்ணம் காலியாக இருக்கும், தண்ணீர் இன்ஜெக்டருக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கேதான் தண்ணீரைக் கரைக்கும் ஆல்கஹால் மருந்தை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 1,600 பாருக்கு மேல் அழுத்தம், சில மைக்ரான் இடைவெளி உள்ள இன்ஜெக்டரில் டீசலேதான் எண்ணெய். தண்ணீர் போனால் வழுக்கல் போய்த் தேயும், துருப்பிடிக்கும், சூட்டில் ஆவியாகி நாசில் முனையையே உடைக்கும். அதைக் கரைத்து அங்கேயே அனுப்பி வைப்பதில் என்ன லாபம்? அந்த டீசலை இறக்கிவிடுவதுதான் வழி.

பதிவு 7

பொக்லைன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தண்ணீர். வண்டியில் எல்லாம் சரி. டீசல் வந்தது வெளியில் நிமிர்த்தி வைத்த பேரலிலிருந்து. பேரலின் மேல்தகட்டில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் நின்றது, மூடித் திருகு இருந்தது அந்தக் குளத்துக்குள். பகலில் சூடாகி, ராத்திரி ஆறும்போது மரையின் வழியே உறிஞ்சுகிறது, மூன்றாம் பதிவில் சொன்ன அதே சுருக்கம். படுக்க வைத்து இரண்டு மூடியும் கிடைமட்டக் கோட்டில் வரும்படி திருப்பி வைத்ததும் நின்றது. உறிஞ்சும் குழாயை அடியிலிருந்து நாலு விரல் மேலே நிறுத்துங்கள். அந்த அடி டீசல் வண்டிக்கு வேண்டாம்.

பதிவு 2-இன் மறுமொழி

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், சரிதான். அந்த இரண்டில் ஒரு வண்டியின் டேங்குக்குக் காற்று போய்வரும் குழாயை இன்று பின்தொடர்ந்து போனேன். மேலே கொக்கியில் மாட்டியிருக்க வேண்டிய நுனி கழன்று, பின்சக்கரத்துக்கு நேரே தொங்குகிறது. உள்ளே ஈர மண். கொக்கியில் மாட்டி நுனியைக் கீழ்நோக்கித் திருப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே கால் டேங்க் டீசலோடு நிறுத்தி, ஞாயிறு காலை பாட்டிலில் எடுத்து அளவை இங்கே எழுதுகிறேன்.