4130 ஸ்பூல் பாடி: சார்பி சராசரி 21 ஜூல், இதை பாஸ் என்று எடுக்கலாமா?

சத்தியவேடு லேத்:
எல்லோருக்கும் வணக்கம். சத்தியவேட்டில் மெஷின் ஷாப் வைத்திருக்கிறோம். இதுவரை பம்ப் பாகங்கள்தான் செய்து வந்தோம். இப்போது முதல் தடவையாக வெல்ஹெட் (எண்ணெய்க் கிணற்றின் வாய்ப்பகுதி) வேலை வந்திருக்கிறது, அதில் பொருத்தும் ட்யூபிங் ஹெட் ஸ்பூல் பாடி நான்கு. வெல்ஹெட்டுக்கான ஏபிஐ 6ஏ ஸ்டாண்டர்டு, பிஎஸ்எல் 3 (தர நிலை), மெட்டீரியல் கிளாஸ் டிடி (ஹைட்ரஜன் சல்பைட் உள்ள கிணற்றுக்கு), டெம்பரேச்சர் கிளாஸ் எல் (−46 டிகிரி வரை), 75கே (வலிமை வகை). ஸ்டீல் 4130 ஃபோர்ஜிங். ஹீட் ட்ரீட்மெண்ட் வெளியே ஒரு ஷாப்பில் கொடுத்தோம். பாடியும் டெஸ்ட் கூப்பனும் (சோதனைக்கான அதே ஸ்டீல் துண்டு) ஒரே லோடில்தான் போயின.

கூப்பனில் யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 531 எம்பிஏ, டென்சைல் (இழுத்தால் தாங்கும் உச்ச அளவு) 668. இரண்டும் 517, 655 என்ற அளவுக்கு மேலேதான் இருக்கின்றன. −46 டிகிரியில் செய்த சார்பி டெஸ்டில் (அடித்து உடைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்ப்பது) 38, 14, 11 ஜூல் வந்தது. சராசரி 21, வேண்டியது 20. "பாஸ்தான், அனுப்பிவிடுங்கள்" என்கிறார் ஹீட் ட்ரீட்மெண்ட்காரர். ஆனால் பாடியின் நடுவில் பிரினெல் ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) 188தான் காட்டுகிறது, ஃபிளேஞ்ச் பக்கம் 203. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

நகரி வெல்டர்:
அண்ணா, இன்னொரு முறை டெம்பர் போட்டு (மிதமாகச் சூடாக்கி)ப் பாருங்கள். சார்பி ஏறும்.

புத்தூர் இன்ஸ்பெக்டர்:
தம்பி, அனுப்பாதீர்கள். சராசரி மட்டும் பார்த்தால் போதாது. மூன்றில் ஒன்றுதான் 20-க்குக் கீழே இருக்கலாம், அதுவும் 20-இல் மூன்றில் இரண்டு பங்குக்கு, அதாவது சுமார் 13-க்குக் குறையக் கூடாது. உங்களுக்கு இரண்டு கீழே, அதில் ஒன்று 11. இது ஃபெயில். அதே கூப்பனிலிருந்து இன்னும் மூன்று பீஸ் எடுத்து ரீடெஸ்ட் செய்ய இடமிருக்கிறது, ஆனால் அதில் ஒவ்வொன்றும் 20-ஐத் தொட வேண்டும். இந்த ஸ்டீலில் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

188-ம் அதே கதைதான். 75கே-க்கு ஹார்ட்னஸ் குறைந்தது 197 வேண்டும். டிடி கிளாஸ் என்பதால் மேலே 237-ஐத் தாண்டவும் கூடாது, அது ராக்வெல் சி என்ற இன்னொரு ஹார்ட்னஸ் அளவில் 22-க்குச் சமம். ஐஎஸ்ஓ 15156 வைத்த வரம்பு. ஹைட்ரஜன் சல்பைட் உள்ள கிணற்றில் கடினமான ஸ்டீல் சத்தமே இல்லாமல் வெடிப்பு விட்டுவிடும். ஆக 197-க்கும் 237-க்கும் நடுவில்தான் உங்களுக்கு இடம். நகரித் தம்பி சொன்னபடி இன்னும் டெம்பர் போட்டால் 188 இன்னும் இறங்கும்.

38-ம் 11-ம் ஒரே கூப்பனில் வருகிறது என்றால் உள்ளே ஒரே மாதிரி ஸ்ட்ரக்சர் இல்லை. குவென்ச்சில் (சூடான ஸ்டீலைத் தண்ணீரில் முக்கிக் குளிர்விப்பதில்) கடினமான மார்ட்டென்சைட் முழுசாக உருவாகாமல், இடையிடையே மென்மையான ஃபெர்ரைட்டும் தடித்த பெய்னைட்டும் நின்றுவிட்டிருக்கலாம். டெம்பரிங் அதைச் சரிசெய்யாது. மூன்று விஷயம் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி? குவென்ச் செய்யும்போது பாடி எவ்வளவு தடிமன்? நடுவில் போர் (துளை) போட்டிருந்ததா?

சத்தியவேடு லேத்:
சார், லாக் புக் தெலுங்கில் இருந்தது, வாங்கிப் படித்தேன். தண்ணீர் ஆரம்பத்தில் 44, முடிவில் 57 டிகிரி. கத்திரி வெயில், டேங்க் திறந்தவெளியில் இருக்கிறது. பாடியில் போர் போடவில்லை, சாலிடாகத்தான் போனது, விட்டம் 290 மில்லி. கூப்பன் 125.

புத்தூர் இன்ஸ்பெக்டர்:
காரணம் கிடைத்துவிட்டது. தண்ணீர் ஆரம்பத்தில் 38-ஐயும், டேங்கில் முக்கும்போது முடிவில் 49-ஐயும் தாண்டக் கூடாது என்று ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் மே மாதம் மூடாத டேங்கில் அது தானாக நடக்காது. சில்லர் வேண்டும், அல்லது ஐஸ் கட்டியாவது போட வேண்டும். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா நின்றால் பாடியைச் சுற்றி ஆவிப் படலம் கட்டி வெப்பம் வெளியேறாது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த 290. 4130-இல் கார்பன் 0.28 முதல் 0.33 வரை, குரோமியம் 1 சதவீதம் பக்கம், மாலிப்டினம் 0.15 முதல் 0.25. மெல்லிய பாகத்துக்கு இது நல்ல ஸ்டீல். இவ்வளவு தடிமனில் நடுப்பகுதிவரை ஹார்டன் ஆக இதில் போதிய சரக்கு இல்லை. கூப்பன் 125 மில்லிக்கு மேல் தேவையில்லை என்று விதி சொல்வதால், கூப்பன் பாஸானாலும் பாடியின் நடுப்பகுதி பலவீனமாக இருக்கலாம். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடக்கும் இடம் இதுதான். உங்கள் 188 அதைத்தான் காட்டுகிறது.

அதனால் முதலில் போரை ரஃப் ஆகக் குடைந்துவிடுங்கள். ஃபினிஷிங்குக்கு அலவன்ஸ் விட்டால் போதும். தண்ணீர் உள்ளேயும் போகும், சுவர்த் தடிமன் பாதிக்கும் கீழே இறங்கும். அப்புறம் மறுபடி உயர்ந்த சூட்டில் ஆஸ்டெனைட் ஆக்கி, குவென்ச், டெம்பர். கூப்பனும் கூடவே போக வேண்டும், பழைய ரிப்போர்ட் செல்லாது.

மெட்டலர்ஜி மூன்றாம் ஆண்டு:
சார், ஒரு சந்தேகம். 4340 ஸ்டீல் போட்டால் நடுவரைக்கும் ஹார்டன் ஆகுமே?

புத்தூர் இன்ஸ்பெக்டர்:
ஆகும் தம்பி. ஆனால் அதில் நிக்கல் 1.65 முதல் 2 சதவீதம். சவர் சர்வீஸில் (ஹைட்ரஜன் சல்பைட் உள்ள கிணற்றில்) லோ அலாய் ஸ்டீலுக்கு நிக்கல் 1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தடித்த பாடிக்கு எஃப்22 ஸ்டீல் நல்லது, இரண்டேகால் குரோமியம், ஒரு மாலிப்டினம். 8630 மாடிஃபைடு என்றால் மில் சர்டிஃபிகேட்டில் நிக்கலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சத்தியவேடு லேத்:
17 நாள் கழித்து எழுதுகிறேன். வாடிக்கையாளரிடம் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்தே காட்டி அவகாசம் கேட்டோம், கொடுத்தார்கள். நான்கு பாடிக்கும் போர் குடைந்து, வேறு ஷாப்பில் விடியற்காலை லோடு போட்டோம். தண்ணீர் 29-இல் ஆரம்பித்து 41-இல் முடிந்தது. நான் டேங்க் பக்கத்திலேயே தெர்மாமீட்டரோடு நின்றேன். சார்பி 64, 71, 58 ஜூல். தோலை மூன்று மில்லி கிரைண்ட் செய்தபின் ஹார்ட்னஸ் 212 முதல் 223 வரை. நன்றி சார்.

புத்தூர் இன்ஸ்பெக்டர்:
ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்தத் தண்ணீர் வெப்பநிலையையும் ரிப்போர்ட்டோடு இணைத்துக் கொடுங்கள்.