கொரியாவுல மிஷனரி போகாமலே சபை ஆரம்பிச்சுதா? அப்புறம் ஏன் முன்னோர் சடங்குல அவ்ளோ பெரிய சண்டை?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பங்கு இளைஞர் கூட்டத்துல பேசறதுக்காக ஆசிய திருச்சபை வரலாறு படிச்சிட்டிருக்கேன். கொரியாவுல வெளிநாட்டு ஃபாதர் யாரும் போய் போதிக்காம அந்த ஊர்ப் படிச்சவங்களே புத்தகம் படிச்சு விசுவாசத்துக்கு வந்தாங்கன்னு பார்த்தேன், உண்மையா? அப்படின்னா செத்துப்போன அப்பா அம்மாவுக்கு செய்ற சடங்கை ஏன் விட்டாங்க, அதுக்காக தலையை வெட்டற வரைக்கும் ஏன் போச்சு?

பதில் 1:
உண்மைதான் தம்பி. 1593-ல ஜப்பான் படையோட ஒரு இயேசு சபை ஃபாதர் அங்க போனாரு, ஆனா அவரு போனது படையில இருந்த கிறிஸ்தவங்களுக்காக, கொரிய சபை அதுல இருந்து முளைக்கல. வருஷா வருஷம் பெய்ஜிங் போற ராஜாவோட தூதுக்குழு கொண்டு வந்த சீன புத்தகங்கள்தான் ஆரம்பம். அதுல சீனாவுல போதிச்ச இயேசு சபை ஃபாதர் மத்தேயோ ரிச்சி 1603-ல வெளியிட்ட நூல் முக்கியம். யி பியோக்னு ஒரு அறிஞர் அதெல்லாம் படிச்சிட்டு, பெய்ஜிங் கிளம்பின நண்பர் யி சுங்-ஹுன்கிட்ட அங்க ஃபாதர்களைப் பார்த்துட்டு வான்னு சொல்லி அனுப்ப, அவரு 1784-ல பேதுருங்கற பேர்ல ஞானஸ்நானம் வாங்கிட்டு வந்து மத்தவங்களுக்கும் குடுத்தாரு. கொஞ்ச நாள் தங்களுக்குள்ளயே குருக்களை நியமிச்சு பூசை கூட வச்சாங்க, அப்புறம் சந்தேகம் வந்து பெய்ஜிங்குக்கு எழுதிக் கேட்டாங்க, கூடாதுன்னு பதில் வந்ததும் நிறுத்திட்டாங்க. முதல் குருவானவரே 1794 கடைசியிலதான் வந்தாரு, அவரும் சீனர்.

பதில் 2:
சடங்கு விஷயத்துக்கு என் பதில். அவங்க படிச்சது ரிச்சியோட புத்தகம், ஆனா வந்து சேர்ந்தது ரிச்சி காலத்து திருச்சபை இல்ல. கன்பூசியஸ் சொன்னதோட கிறிஸ்தவம் ஒத்துப்போகும்னு எழுதினவர் அவரு, முன்னோருக்கு மரியாதை செய்றதையும் தப்பா பார்க்கல. அவரு இறந்தப்புறம் இந்த சடங்கு சரியா தப்பான்னு திருச்சபைக்குள்ள நூறு வருஷத்துக்கு மேல சண்டை நடந்து, 1742-ல போப் பதினாலாம் பெனடிக்ட் அந்த சடங்கெல்லாம் கூடாதுன்னு முடிச்சிட்டாரு. கொரியர்கள் மனசு மாறுனதுக்கு 40 வருஷம் முன்னாடியே கதவு சாத்தியாச்சு, அவங்களுக்கு அது தெரிஞ்சது 1790-ல பெய்ஜிங் பிஷப் சொல்லித்தான்.

அடுத்த வருஷமே யுன் ஜி-சுங்கோட அம்மா இறந்துட்டாங்க. அங்க செத்தவங்க பேரை ஒரு சின்ன மரப்பலகையில எழுதி, அதுக்கு முன்னாடி சாப்பாடும் மதுவும் வச்சு விழுந்து கும்பிடுவாங்க. அவரு அம்மாவுக்கு துக்கம் காத்தாரு, அடக்கமும் முறையா செஞ்சாரு, பலகை மட்டும் வைக்கல, வீட்ல இருந்த பழைய பலகைகளையும் எரிச்சிட்டாரு. பெத்தவங்களை மதிக்காதவன் ராஜாவையும் மதிக்கமாட்டான்கறது அந்த ராஜ்யத்தோட அஸ்திவாரம், அதனால இது ராஜதுரோகம் மாதிரி ஆகி, அவரையும் சொந்தக்காரர் க்வோன் சாங்-யோனையும் ஜோன்ஜுவுல வெட்டிட்டாங்க. 1801-ல கிறிஸ்தவங்களைப் பிடிச்சு கொல்ற பெரிய வேட்டையே நடந்துச்சு, யி சுங்-ஹுனும் அந்த சீன ஃபாதரும் அதுலதான் போனாங்க.

ரோம் 1939-ல அந்தத் தடையை எடுத்துட்டாங்க. அவங்க விசுவாசத்தை நான் ரொம்ப மதிக்கிறேன், ஆனா அந்த ஊரையே பார்க்காதவங்க போட்ட உத்தரவுக்கு அங்க ரத்தம் சிந்தினாங்கங்கறதை நம்ம கூட்டங்கள்ல மறைக்கக்கூடாது.

பதில் 3:
நம்ம ஊர்லயும் இதே பிரச்சனைதான் சகோ. 1606-ல மதுரை வந்த இயேசு சபை ஃபாதர், தத்துவ போதகர்னு பேர் வாங்கின ராபர்ட் தெ நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் ஊர் வழக்கம்னு விட்டாரு, 1623-ல ரோமும் ஒத்துக்கிச்சு, அப்புறம் 1744-ல அதே போப் மலபார் சடங்குகள்னு இதுலயும் கை வச்சாரு. ஒன்னு மட்டும் சொல்றேன், இங்க ஊர் வழக்கம்னு காப்பாத்தினதுல சாதியும் சேர்ந்து வந்துருச்சு, அதனால விட்டுக்குடுத்தது எல்லாமே நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லாருக்கும். இப்ப அங்க அந்த சடங்கு செய்றாங்களா?

பதில் 2:
செய்றாங்க தம்பி, சூசோக்ங்கற அறுவடைப் பண்டிகைக்கு கத்தோலிக்க வீடுகள்லயும் முன்னோருக்கு ஜெபம் உண்டு. யுன் ஜி-சுங்குக்கு 2014-ல போப் பிரான்சிஸ் சியோலுக்கே போய் முத்திப்பேறு பட்டம் குடுத்தாரு, 2021-ல அவரு எலும்பும் கிடைச்சுது, கூட புதைச்சிருந்த வெள்ளைப் பீங்கான் கிண்ணத்துல பேர் எழுதியிருந்ததை வச்சுதான் அடையாளம் கண்டுபிடிச்சாங்க. கூட்டத்துல இதைச் சொல்லுங்க, பசங்க நல்லா கேப்பாங்க.