புதுப்பிப்பு: மகளின் பிட்யூட்டரி கட்டி அறுவை சிகிச்சை முடிந்தது

எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்ட என் 13 வயது மகளுக்குக் குஷிங் நோய்: மூளையின் அடியில் உள்ள ஹார்மோன் சுரப்பியான பிட்யூட்டரியில் சிறு கட்டி, அதனால் கார்டிசோல் என்ற ஹார்மோன் உடலில் அளவுக்கு மீறிச் சுரந்தது. மண்டையைத் திறக்காமல் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மூக்கு வழி எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) சிகிச்சை, ஹார்மோன் மருத்துவரும் கூடவே இருக்கும் மருத்துவமனை என்ற யோசனைதான் கைகொடுத்தது. சிறுவர்களுக்கு கட்டிக்குப் போகும் வழியான, மூக்கின் பின்னுள்ள காற்றறை முழுதாக வளராமல் இருக்கலாம் என்பதால் முன்னதாகவே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி முழுதாக வந்துவிட்டது.

எதிர்பாராதது: மறுநாள் ஓயாத தாகம், நிற்காத சிறுநீர். பயந்துபோனோம். சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மருந்து கொடுத்ததும் அடங்கியது. அப்புறம் கார்டிசோல் அடிமட்டத்துக்கு இறங்கியது. கட்டி போய்விட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறியாம். ஆனால் உடல் தானாகச் சுரக்கும்வரை கார்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை நிறுத்தவே கூடாது. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். பள்ளியிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.