முதல் வெள்ளிதோறும் அதே பாவம்: குறைவது செபமா, ஒழுங்கா?

குருநகரான்:
தவக்காலத் தியானத்தில் கேட்ட ஒரு பிரசங்கம் மனதை விட்டுப் போகவில்லை. பழக்கப் பாவத்தை மனித முயற்சியால் வெல்ல முடியாது, போராடுவதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைத்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னேரமானால் குடிக்கக் கால் தானாகத் தவறணைக்குப் போகிற ஒருவருக்கும், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கண்டதையும் பார்க்கிற பெடியனுக்கும் இது எதைச் சொல்லிக்கொடுக்கிறது? மாதத்தின் முதல் வெள்ளிக்குக் குருவானவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம், அடுத்த கிழமை பழையபடி, அடுத்த முதல் வெள்ளி அதே வார்த்தைகள்.

திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1551இல் மனஸ்தாபத்துக்கு, அதாவது பாவத்துக்காக மனம் வருந்துவதற்கு, கொடுத்த விளக்கத்தில், செய்த பாவத்தை வெறுப்பதோடு இனிச் செய்வதில்லை என்ற தீர்மானமும் சேர்ந்தே இருக்கிறது. தீர்மானம் என்றால் அதை நடத்த ஒரு வழி வேண்டாமா? இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் அந்த வழியை எழுதியே வைத்திருக்கிறார். ஒரேயொரு குற்றத்தை மட்டும் எடுக்க வேண்டும். காலையில் எழும்பியதும் அதற்கு எதிராகத் தீர்மானம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகும் மணித்தியாலம் மணித்தியாலமாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் கீறி வைத்த கோட்டில் ஒரு புள்ளி, விழுந்த அந்த நேரத்திலேயே நெஞ்சில் கை வைத்து ஒரு மனஸ்தாபம். பிறகு நேற்றையும் இன்றையும், போன கிழமையையும் இந்தக் கிழமையையும் ஒப்பிட வேண்டும். இதைப் பெடியங்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இளவாலை ரீச்சர்:
தம்பி, புள்ளி போடுகிற கொப்பியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மறைக்கல்வி வகுப்பில் நான் காண்கிற பிள்ளைகள் கோயிலுக்கு வராமல் விடுவது பாவத்தினால் அல்ல, போன மாதம் சொன்னதையே திரும்பவும் எந்த முகத்தோடு சொல்வது என்ற வெட்கத்தினால். அவர்களிடம் போய்க் கணக்கு எழுதச் சொன்னால், புள்ளி கூடிய கிழமையோடு கொப்பியும் போகும், கோயிலும் போகும்.

சீனாவின் புனித மாற்கு ஜி தியான்சியாங்கை நினைத்துப் பாருங்கள். வைத்தியர் அவர். வயிற்று நோவுக்கு மருந்தாக எடுத்த அபினுக்கு அடிமையாகிவிட்டார். மனம் திருந்தவில்லை என்று சொல்லிக் குருவானவர் பாவமன்னிப்பை மறுத்துவிட்டார். ஏறக்குறைய 30 வருடம், பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பம் இல்லாமலே பூசைக்கு வந்தார், அபின் கடைசி வரைக்கும் அவரை விடவில்லை. 1900இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார், 2000இல் திருச்சபை அவரைப் புனிதர் ஆக்கியது. அவருடைய கொப்பியில் புள்ளி குறைந்திருக்குமா? பழக்கம் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம், சில வேளை இல்லாமலே செய்யலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1735ஆம் எண் சொல்வதையும் வாசியுங்கள்.

குருநகரான்:
வாசித்திருக்கிறேன் ரீச்சர். அதே நூலின் 1865ஆம் எண், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் தீய பழக்கம் உருவாகிறது என்கிறது. செய்து செய்து வந்ததைச் செய்யாமல் விட்டு விட்டுத்தானே கரைக்க வேண்டும்? அப்புறம், நற்கருணை கிடைக்காது என்று தெரிந்தும் 30 வருடம் கோயிலுக்கு நடந்த மனிதரை ஒழுங்கில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன்.

டப்ளின் கூலித்தொழிலாளி மாட் டால்பட்டைப் பாருங்கள். சின்ன வயதிலேயே குடி. 1884இல், 28 வயதில், மூன்று மாதத்துக்கு மட்டும் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். ஆயுளுக்கு அல்ல, முதலில் மூன்று மாதம்! கையில் காசு கொண்டு திரிவதையே விட்டார். 1925இல் பூசைக்குப் போகிற வழியில் சாகும் வரைக்கும் குடிக்கவில்லை. நம்முடைய யாழ்ப்பாணத்துத் தோலகட்டியையே எடுங்கள், 1928இல் தோமஸ் சுவாமி அங்கே தொடங்கிய செபமாலைத்தாசர் துறவற சபையில் செபத்துக்கு நேரம், வேலைக்கு நேரம், மௌனம், ஒறுத்தல் எல்லாம் இருக்கிறது. அருள் வரட்டும் என்று சும்மா இருந்த துறவிகளை நான் கேள்விப்பட்டதில்லை.

இளவாலை ரீச்சர்:
மாட் டால்பட் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் பூசைக்குப் போனதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவர் காசைத் தொடாமல் இருந்ததற்குப் பலம் அங்கேயிருந்துதான் வந்தது. மனித விருப்பமே போதும் என்ற பெலாஜியுவின் போதனையை எதிர்த்துப் புனித அகுஸ்தினார் எழுதியது ஏன்? விரும்பியும் எழும்ப முடியாமல் கிடந்தவர் அவர், பழக்கத்துக்கு எதிர்த்து நிற்காவிட்டால் அது கட்டாயமாகிவிடும் என்று தன் வாழ்க்கையிலிருந்தே எழுதினார். 418இல் கார்த்தேஜ் சங்கம் அந்தப் போதனையைக் கண்டித்தது. புள்ளி குறைகிற கிழமையில் பெடியனுக்கு வருகிற பெருமை எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, விழுகிற கிழமையில் வருகிற கண்ணீரைவிட.

பாசையூரான்:
இரண்டு பேரும் புனிதர்களைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கடுமையாகக் குடிக்கிறவரிடம் நாளையிலிருந்து நிப்பாட்டு என்று சொல்லாதீர்கள். சடுதியாக விட்டால் கை நடுக்கத்தோடு முடியாது, வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். முதலில் வைத்தியர், போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதும் தவம்தான். போன் விஷயம் வேறு, இரவில் அதைத் தகப்பன் தாயின் அறையில் வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். பாவத்துக்கு ஏதுவான சமயத்தை விலக்குவது என்று அந்தக் காலத்தில் படிப்பித்தது அதைத்தான். பாவசங்கீர்த்தனத்துக்கும் ஒரே குருவானவரிடம் போகட்டும், ஆள் மாற்றி மாற்றிப் போனால் பழக்கம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியவராது.

குருநகரான்:
வைத்தியர் விஷயத்தில் அண்ணை சொல்வது சரி. ரீச்சருக்கு ஒன்று: விழுந்தவனை விரட்ட நான் கொப்பி கேட்கவில்லை. பாவமன்னிப்புக் கேட்டு வருகிறவனிடம், இந்தக் கிழமை எதை மாற்றப் போகிறாய் என்று ஒரே கேள்வி கேட்கச் சொல்கிறேன். அந்தக் கேள்வி இல்லாமல், பரிகாரமாகப் பத்து அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுகிறோம், அவனும் அதே அறைக்கு, அதே போனுக்குத் திரும்பிப் போகிறான்.

இளவாலை ரீச்சர்:
கேட்கட்டும், ஆனால் பதில் தெரியாமல் முழிக்கிறவனைத் திருப்பி அனுப்பாமல் கேட்கட்டும். விட வேண்டும் என்ற விருப்பம் அவனுக்கு இருக்கிறது, வழிதான் தெரியவில்லை. அந்த வழியைக் காட்டுவது அவனுடைய வேலையா, நம்முடைய வேலையா?