மறு: மூளைப் புறணிக்கு ‘மடிப்பு’ போதுமா?

> கைரஸ், சல்கஸ் இரண்டையும் ‘மடிப்பு’ என்றே எழுதிப் பழகிவிட்டோமே, இப்போது எதற்குப் புதுச்சொல்?

அக்கா, வணக்கம். புறணி என்னும் மூளையின் வெளிப்பரப்பில் புடைத்து நிற்பது கைரஸ், அமுங்கிய பள்ளம் சல்கஸ். மனிதர் படிக்கும் கட்டுரை என்றால் சமாளித்துவிடலாம். நாம் தமிழாக்குவது மென்பொருளின் பெயர்ப்பட்டியலை. அங்கே சமாளிப்பு நடக்காது.

அந்த மென்பொருள், ஃப்ரீசர்ஃபர், செய்வது இதுதான்: எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து புறணியின் பரப்பை முக்கோண வலையாக எடுத்து, ஊதி உருண்டையாக்கி, மேடுபள்ளங்கள் ஒத்துவரும்படி ஒரு மாதிரி உருண்டையோடு பொருத்துகிறது. பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் பெயருக்கு வாய்ப்பு அதிகமோ அதை ஒட்டுகிறது. 2006-இல் வந்த டெசிகன்–கிலியானி பட்டியலில் மூளையின் ஒரு பக்கத்துக்கு 34 பகுதிகள். அதில் ஒரு பள்ளத்தின் அடியிலிருந்து அடுத்த பள்ளத்தின் அடிவரை ஒரே கைரஸ். 2010-இல் வந்த டெஸ்ட்ரியூ பட்டியலில் 74. அதில் மேடு தனி, பள்ளம் தனி. எல்லாமே ‘மடிப்பு’ என்றால் கதை கந்தல்.

சல்கஸ் என்றால் லத்தீனில் ஏர் கிழித்த கோடு. நமக்கு அது சால். என் தாத்தா தென்னாப்பிரிக்காவில் டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சாலில்தான் கரணை வைப்போம் என்பார். டர்பனில் பிறந்த எனக்குத் தெரிந்த உழவுச்சொல்லே அது ஒன்றுதான். (தண்ணீர்ச் சால் குறுக்கே வரும் என்பீர்கள். சென்ட்ரல் சல்கஸை ‘நடுச்சால்’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், வராது.)

கைரஸுக்குத் தம்பி சொன்ன ‘வரப்பு’ வேண்டாம். வரப்பு என்றால் எல்லை. டெசிகன் பட்டியலில் எல்லையே சாலின் அடியில்தான் ஓடுகிறது. சாலுக்கு ஜோடி, இரண்டு சாலுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் ‘பார்’தான், ஆனால் அதைத் தேடினால் கண்டதெல்லாம் வந்து விழும், மதுக்கடை உட்பட. ‘மேடு’ போதும். நடுச்சாலுக்கு முன்னால் அசைவை ஆளும் முன்நடு மேடு, பின்னால் தொடுவுணர்வுக்கான பின்நடு மேடு.

மொத்த வேலைக்குத் ‘தானியங்கிப் புறணிப் பெயரிடல்’ என்கிறேன். பார்சலேஷன் வேறு, அது ‘கூறிடல்’. எல்லை வகுப்பதும் பெயர் வைப்பதும் ஒன்றல்ல.

சுப்பீரியர் டெம்ப்பொரல் சல்கஸ்தான் இடிக்கிறது. டெம்ப்பொரல் என்றால் நெற்றிப்பொட்டுப் பக்கம் என்பதால் ‘மேற்பொட்டுச் சால்’ என்று எழுதினேன், வீட்டில் சிரிக்கிறார்கள். நெற்றிப்பொட்டைத் தவிர வேறு சொல் இருந்தால் சொல்லுங்களேன்.